ஒரு தாங்கிக்கு இரண்டு வாய்

விண்கப்பல் கட்டிச் சண்டை பிடிக்கிற ஒரு கணினி விளையாட்டில் நான் கட்டிய எம்டன் அழிந்த விதம்தான் என்னை விடாமல் அரித்துக்கொண்டிருந்தது. அழிந்தது என்று சொல்லவும் மனம் வரவில்லை. வெளியில் நின்று பார்த்தால் பின்புறத்தில் இரண்டு மூன்று பிளொக், அதாவது கப்பல் கட்டுகிற கட்டை, பெயர்ந்த ஒரு கப்பல், அவ்வளவே. கவசம் நின்றது. தானாகக் குறிபார்த்துச் சுடுகிற ஆறு டரட்டுகளும் நின்றன. ரியாக்டர் ஓடியது, உள்விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆனால் கப்பலை உந்தித் தள்ளுகிற பிரதான த்ரஸ்டர்களில் ஒன்றுகூட நெருப்புக் கக்கவில்லை. டரட்டுகள் தம் வயிற்றில் இருந்த குண்டுகள் முடியும்வரை சுட்டுவிட்டு ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. எட்டு மாதம் பார்த்துப் பார்த்துக் கட்டிய 117.5 மீற்றர் நீளக் கப்பல், உயிரோடு இருந்தபடியே ஒன்றும் செய்ய முடியாமல் மிதந்தது. எதிரே, முன்பக்கம் முழுவதும் பிய்ந்து எலும்புக்கூடாகக் கிடந்த மச்சானின் கப்பல் ஐந்து நிமிடம் கழித்து மெல்ல அசைந்தது, திரும்பியது, என்னை நோக்கி வரத் தொடங்கியது.

ஸ்பேஸ் என்ஜினியர்ஸ் என்ற அந்த விளையாட்டு ஏர்லி ஆக்ஸஸில், முழுதாக முடிவதற்கு முன்னரே, வந்தது 2013 ஒக்டோபரில். நான் அப்போது ஓ.எல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எத்தனை கப்பல் கட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் பெயர் வைத்துக் கட்டியது எம்டனைத்தான். எங்கள் அப்பாச்சிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து காரியத்தை முடித்துவிட்டு மாயமாகிற ஆள் எவனும் ‘எம்டன்’. பக்கத்து வீட்டு மாங்காயைப் பறித்துவிட்டுத் தப்பினால் நானும் எம்டன். அந்தச் சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டு, அதே மாதக் கடைசியில் கொழும்புக்கு அருகே வந்து வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டு போன கப்பல். மூன்று புகைபோக்கிகளோடு பிறந்த அது, நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைத் தூக்கி நிறுத்தி, பிரிட்டிஷ் கப்பல்போல வேடம் போட்டு பினாங்குத் துறைமுகத்துக்குள்ளேயே நுழைந்தது. இதைப் படித்த அன்றைக்கே முடிவு செய்தேன். உண்மையான எம்டன் 118 மீற்றர். ஒரு பெரிய பிளொக் 2.5 மீற்றர். ஆகவே 47 பிளொக் நீளம். மேலே மூன்று புகைபோக்கி, நான்காவது பொய். அந்தப் பொய்ப் புகைபோக்கிக்குள் ஒரு டிகோய், எதிரியை ஏமாற்றுகிற பிளொக். எதிரியின் டரட்டுகள் எல்லாம் அதைத்தான் முதலில் குறிபார்க்கும். நூறு வருடத்துக்கு முந்திய தந்திரம் இந்த விளையாட்டில் அப்படியே பொருந்தியதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போதும் அதைச் சொல்லும்போது அந்தச் சந்தோசம் திரும்பி வருகிறது.

சதுரறூல் கொப்பி

எம்டனை நான் கணினியில் வடிவமைக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் கொழும்பில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் ஜெனரேற்றர் இருந்தது, டீசல் இல்லை. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பும் நின்றது. இரவில் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, சார்ஜ் விளக்கின் வெளிச்சத்தில், தம்பி பாவித்து மிச்சம் வைத்த சதுரறூல் கொப்பியில் கப்பலைத் தட்டுத் தட்டாகக் கீறினேன். ஒரு சதுரம் ஒரு பிளொக். முதல் பக்கம் அடித்தட்டு, கடைசிப் பக்கம் மேல்தட்டு. கரண்ட் வந்ததும் கீறியதை விளையாட்டுக்குள் கட்டுவேன். போனதும் கொப்பிக்குத் திரும்புவேன்.

கொப்பியில் கீறுகிறவனுக்கு ஒரு வியாதி வரும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. வெறுமையாகக் கிடக்கிற சதுரம் கண்ணை உறுத்தும். அதற்குள் எதையாவது வைக்காவிட்டால் இடம் வீணாகிறது என்று தோன்றும். கப்பலைத் திருப்புகிற ஜைரோ ஒன்றை வைக்கலாம், ஒரு பற்றரி வைக்கலாம், ஒன்றும் இல்லாவிட்டால் கவசத்தையாவது நிரப்பலாம். கனமான கவச பிளொக் ஒன்று 3,300 கிலோ, இலேசான கவசம் 500 கிலோ. நான் எல்லா வெறுமையிலும் கனமானதையே போட்டேன். அறுநூறு பிளொக். அது மட்டுமே 1,980 தொன். ஹைட்ரஜன் தாங்கிகளில் இருந்து த்ரஸ்டர்களுக்கும், சரக்கறையில் இருந்து டரட்டுகளுக்கும் போகிற கன்வேயர் குழாய் ஒன்றே ஒன்று, கப்பலின் முதுகுத்தண்டுபோல, நடுவில் பத்திரமாக ஓடியது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூன்று அடுக்குக் கவசம். பத்திரம் என்ற சொல்லைக் கொப்பியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறேன். இப்போதும் அந்தப் பக்கம் இருக்கிறது.

பரிசோதனை செய்யாமல் விட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சாமான் தேடாமல் நினைத்ததைக் கட்டக்கூடிய கிரியேட்டிவ் உலகத்தில் எம்டனை நூறு தடவையாவது சண்டைக்கு விட்டிருப்பேன். முதல் பரிசோதனையிலேயே ஒரு பெரிய பிழை தெரிந்தது. இந்த விளையாட்டில் கப்பலின் உச்ச வேகம் செக்கனுக்கு 100 மீற்றர். பாரம் கூடியதால் எம்டனின் முன்பக்கத் த்ரஸ்டர்கள் செக்கனுக்கு ஏறக்குறைய 4 மீற்றர் வேகத்தைத்தான் குறைத்தன. முழு வேகத்தில் இருந்து நிற்க 25 செக்கன், அதற்குள் 1,250 மீற்றர் ஓடிவிடும். கற்லிங் டரட்டின் எல்லை 800 மீற்றர். அதாவது நான் பிரேக் பிடிக்கத் தொடங்கும்போது எதிரி எட்டாத் தூரத்தில் இருப்பான், நிற்கும்போது அவனைத் தாண்டிப் போயிருப்பேன். முன்பக்கம் இன்னும் இரண்டு த்ரஸ்டரைப் பூட்டப் பார்த்தேன், இடம் இல்லை. பிறகு பக்கவாட்டாக வந்து சுடுவது என்று முறையை மாற்றிக்கொண்டேன். எம்டனையும் அதன் நகலையும் மோதவிட்டேன். சும்மா நிற்கிற இலக்கைச் சுட்டேன். கப்பல் உடைந்தால் என்ன, அழித்துவிட்டு, சேமித்து வைத்த வரைபடமான புளூபிரிண்டில் இருந்து புதிதாக ஒன்றை ஒட்டினால் அரை நிமிடத்தில் முழுக்கப்பல் முன்னால் நிற்கும். ஒவ்வொரு சண்டையிலும் எந்தப் பக்கம் பெயர்ந்தது என்று பார்த்து அந்தப் பக்கத்தில் இன்னொரு அடுக்கைச் சேர்த்தேன். இப்படித்தான் கவசம் அறுநூறானது.

இதில் ஒளிந்திருந்த குறையை நானாக ஒருபோதும் கண்டுபிடித்திருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். கிரியேட்டிவ் உலகத்தில் உடைந்த கப்பல் என்ற ஒன்று இல்லை. முழுக்கப்பல் உண்டு, அழிந்த கப்பல் உண்டு. நடுவில் உள்ள நிலை, அரைகுறையாக உடைந்து, வீட்டுக்கும் போகமுடியாமல், யாராவது கையை வைத்தால் பிழைக்கும் என்று கிடக்கிற நிலை, எனக்குத் தெரியவே தெரியாது.

ஞாயிறு காலை ஏழரை

மச்சான் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். எங்களுக்கு வசதியான நேரம் ஒன்றுதான். கோடை காலத்தில் இங்கே ஞாயிறு காலை ஏழரை என்றால் அங்கே சனி இரவு பத்து. அவனுடைய சின்னவன் நித்திரையாகியிருப்பான், எங்கள் வீட்டில் அம்மா கோயிலுக்குப் போயிருப்பா. முதல்நாள் சண்டைக்கு அவன் ஒரு நிபந்தனை வைத்தான். “கிரியேட்டிவ் வேண்டாம் மச்சான். சர்வைவல்ல வைப்பம். உடைஞ்சா உடைஞ்சதுதான், ஒட்டுறது இல்ல.” எனக்கு அதில் ஒரு பயமும் இல்லை. என் கப்பல் உடையாது என்பதுதானே என் எண்ணம்.

அவன் கொண்டுவந்த கப்பலைப் பார்த்து மனம் கொஞ்சம் தளர்ந்துகூடப் போனது. கோழிக்கூடு மாதிரி இருந்தது. சட்டகம் தெரிகிறது, நடுவில் பெரிய ஓட்டை, குழாய்கள் வெளியே. இதோடா சண்டை பிடிக்கப் போகிறேன் என்றிருந்தது. முதல் இரண்டு நிமிடம் நான் நினைத்தபடியே போனது. பொய்ப் புகைபோக்கி அவனுடைய குண்டுகளை எல்லாம் வாங்கிக்கொண்டு தூள்தூளானது. நான் அவனுடைய மூக்கை உடைத்தேன், இரண்டு டரட்டைப் பிடுங்கினேன். பிறகு அவனுடைய ரொக்கெற் ஒன்று எம்டனின் வாலில், இரண்டு த்ரஸ்டருக்கு இடையில், கவசம் போடமுடியாத அந்த ஒரு பொருத்தில் விழுந்தது. ஒரேயொரு சின்ன வெடிப்பு. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

அவனும் அப்போது செயலிழந்துதான் போயிருந்தான். ஆனால் அவன் செய்தது என்னவென்றால், இருக்கையில் இருந்து எழுந்து, வெல்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, நடு ஓட்டைக்குள் நடந்து போய், உடைந்ததைக் கண்ணால் பார்த்து, ஒட்டினான். ஐந்து நிமிடம். நானும் வெல்டரை எடுத்தேன். எங்கே போவது? எனக்குக் குழாய் எந்த இடத்தில் அறுந்தது என்றே தெரியவில்லை. எல்லாம் கவசத்துக்குள் புதைந்து கிடந்தது. வாலில் இருந்து கிரைண்டரால் என் கவசத்தை நானே அறுக்கத் தொடங்கினேன். கனமான கவசம் ஒன்றைப் பிரித்தால் 150 உருக்குத் தகடு வரும், முதுகுப்பை அதிலேயே நிரம்பி மிச்சம் முகத்தைச் சுற்றி மிதக்கும். முதலாவது துளை பிழையான இடம். இரண்டாவதும் பிழை. மூன்றாவதில் தாங்கியின் பின்புறம் வந்தது. மச்சான் சுடுவதை நிறுத்திவிட்டான். “நீ பார் மச்சான், நான் நிக்கிறன்” என்றான். அது அவனுடைய நல்ல குணம். ஆனால் அந்த இரக்கம் தோல்வியைவிட அதிகமாகச் சுட்டது. நான்காவது துளையில்தான் அறுந்த சந்தியைக் கண்டேன். 38 நிமிடம். ஒட்டுவதற்கு எடுத்தது பத்துச் செக்கன்.

அந்த முப்பத்தெட்டு நிமிடமும் அப்பா எனக்குப் பின்னால் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அப்பா கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் திருத்துகிற இடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிற்றராக இருந்தவர். இப்போது முழங்கால் விடுவதில்லை. காலையில் பிளேன்ரீயோடு பல்கனியில் இருந்து, மரீன் டிரைவுக்கு அப்பால், ரயில் பாதைக்கும் அப்பால், கடலோரம் தெரிகிற கப்பல்களைப் பார்ப்பார். தண்ணீருக்கு மேல் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே பாரம் ஏற்றி வருகிறதா வெறுமையாக வருகிறதா என்று சொல்லுவார். என் விளையாட்டைப் பற்றி அதுவரை அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்.

“எட தம்பி, உதுக்குள்ள மனிசன் எதால போறது?”

“மனிசன் போகத் தேவையில்லை அப்பா. அது சண்டைக் கப்பல்.”

“உடைஞ்சா?”

நான் பதில் சொல்லவில்லை. அவர் எழுந்து வந்து திரையில் விரலை வைத்தார். “உதைக் கீறினவன் உதுக்குள்ள வேலை செய்யிறவனை ஒருநாளும் நினைச்சுப் பாக்கேல்ல” என்றார். குரலில் கோபம் இல்லை. எத்தனையோ கப்பலைப் பார்த்து, எத்தனையோ பேர் கீறியதைத் திட்டிக்கொண்டு உள்ளே ஊர்ந்து போனவர் அதையே இன்னொரு தடவை சொல்லுகிற மாதிரித்தான் இருந்தது. ஆனால் இந்தத் தடவை கீறினவன் நான்.

அப்பாவின் விரல்

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னதை முழுவதுமாக இங்கே எழுத முடியாது, அவ்வளவு சொன்னார். ஒரு கப்பலின் அடித்தட்டில் இரட்டை அடிக்கு நடுவே உள்ள தாங்கிகளுக்குள் இறங்குவதற்கு நீள்வட்டமாக ஒரு மேன்ஹோல் இருக்கும், தோளைச் சரித்துத்தான் நுழையலாம். “ஒரு தாங்கிக்கு ரெண்டு வாய் வேணும்” என்றார். ஒன்று இந்த மூலையில், மற்றது அந்த மூலையில். ஒன்றால் காற்று போனால் மற்றதால் வரும். ஒன்று அடைபட்டால் மற்றதால் ஆள் வரலாம். வெல்டிங்குக்கு முன்னால் உள்ளே வாயு இருக்கிறதா என்று சோதித்துக் கடதாசி எழுதி ஒட்டாமல் யாரும் நெருப்பைக் கொண்டு இறங்கக்கூடாது. உள்ளே ஒருவன் இறங்கினால் வாயில் ஒருவன் நிற்க வேண்டும். அவனுக்கு வேறு வேலை கிடையாது. உள்ளே இருக்கிறவனின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவன் வேலை. உள்ளே போனவன் வெளியே வரும்வரை அவன் ரீ குடிக்கவும் போகக்கூடாது. “நானும் நிண்டிருக்கிறன். உள்ளயும் போயிருக்கிறன். நிக்கிறதுதான் கஷ்டம்” என்றார். அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு கொப்பியை எடுத்தேன். பத்திரம் என்று எழுதிய பக்கத்தைப் பார்த்தேன். என் குழாயை எதிரியிடம் இருந்து மட்டும் நான் காப்பாற்றவில்லை, என்னிடம் இருந்தும் காப்பாற்றியிருந்தேன். அதைவிட எனக்குக் குத்தியது வேறொன்று. இந்த வீட்டில் ஒரு பொருளும் திருத்தாமல் எறியப்பட்டதில்லை. பாகங்கள் இறக்குமதியாகாத அந்தக் காலத்தில் அப்பா மேசை விசிறியின் கப்பாசிற்றரை இன்னொரு பழுதான விசிறியில் இருந்து கழற்றிப் பூட்டினார். அம்மாவின் கிரைண்டருக்கு நைலோன் கட்டையில் ஒரு புஷ் செதுக்கினார். அதை எல்லாம் பக்கத்தில் இருந்து விளக்குப் பிடித்துப் பார்த்தவன் நான். அதே விளக்கு வெளிச்சத்தில், அதே மேசையில், திருத்தவே முடியாத கப்பல் ஒன்றைக் கீறியிருக்கிறேன்.

எம்டனின் கதையையும் மறுபடி படித்தேன். முன்பு சென்னையையும் பினாங்கையும் படித்தபோது வேகமாகத் தாண்டிப்போன ஓர் இடத்தில் இந்த முறை நின்றேன். 1914 ஒக்டோபர் 9 அன்று அந்தக் கப்பல் தியேகோ கார்சியாவில் போய் நின்றது. அங்கே இருந்தவர்களுக்கு உலக யுத்தம் தொடங்கியதே தெரியாது. மாலுமிகள் கப்பலைச் சரித்து அடிப்பகுதியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டினார்கள், நிலக்கரி ஏற்றினார்கள். சிப்பி ஒட்டிய கப்பல் வேகம் குறையும், கரியும் கூடத் தின்னும். தேடப்படுகிற கப்பலுக்கு அது உயிர்ப் பிரச்சினை. மாயாவி என்று அப்பாச்சியின் வாயில் பெயர் எடுத்த கப்பல், கையும் சுரண்டியும் எட்டுகிற இடத்தில் தன் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதே வருடம் நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதைப் பிடித்தது. எம்டனிடம் 10.5 சென்ரிமீற்றர் துப்பாக்கி, சிட்னியிடம் ஆறு அங்குலத் துப்பாக்கி. தூரத்தில் நின்றே அடித்தது. கடைசியில் எம்டன் வடக்கு கீலிங் தீவின் பவளப்பாறையில் தானாக ஏறி நின்றது. அந்த இடத்தில் திருத்துவதற்கு நேரமும் இல்லை, துறையும் இல்லை.

கப்பலை மீண்டும் கட்டினேன். இதை எழுதுவதற்கு ஒரு வரி போதும், கட்டுவதற்கு மூன்று மாதம் ஆனது. அப்பா ‘அலிவே’ என்று சொல்லுகிற நடைபாதை ஒன்று முன்னிருந்து பின்வரை, ஒரு பிளொக் அகலத்தில், குழாயை ஒட்டியபடி ஓடுகிறது. 2.5 மீற்றர் அகலம், ஜெற்பாக்கோடு தாராளமாகப் போகலாம். குழாய் ஒன்றல்ல, இடமும் வலமும் இரண்டு, மூன்று இடங்களில் குறுக்கே இணைகின்றன. ஒவ்வொரு அறைக்கும் இரண்டு கதவு. சந்திகள் எல்லாம் நடைபாதையில் நின்று கண்ணால் பார்க்கக்கூடிய மாதிரி. நடுவில் ஒரு புரொஜெக்டர், கப்பலின் சொந்த புளூபிரிண்டோடு, காணாமல் போன பிளொக் எது என்று ஆவிபோலக் காட்டும். இதற்கெல்லாம் இடம் வேண்டுமே, கவசம் அறுநூறில் இருந்து 380 ஆனது. 726 தொன் இறங்கியது. 3,200 தொன்னில் ஓடிய கப்பல் இப்போது ஏறக்குறைய 2,500. முன்பு 1,250 மீற்றர் ஓடி நின்றது இப்போது ஆயிரத்துக்குள் நிற்கிறது. எத்தனை த்ரஸ்டர் சேர்த்தும் தீராத பிழை, மனிசன் நடக்க இடம் விட்டபோது பாதி தீர்ந்தது.

பரிசோதனையும் மாறியது. இப்போது நான் கப்பலைச் சுடுவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடுவேன். அவர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஏதாவது ஒரு சதுரத்தில் விரலை வைப்பார். அந்த பிளொக்கை நான் பிடுங்கிவிட வேண்டும். பிறகு இருக்கையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து தொடங்கி, பழுதைக் கண்டுபிடித்து, போய், ஒட்டிவிட்டுத் திரும்பி வரும்வரை அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நான் ஒருநாளும் தொட்டிருக்கமாட்டாத சதுரங்களில் அவர் விரல் விழுகிறது. தாங்கியின் அடி, கதவின் பிணைச்சல் இருக்கிற மூலை, ஜைரோவின் பின்புறம். “உது எல்லாக் கப்பலிலயும் போற இடம்” என்பார். முதல் நாள் 11 நிமிடம் எடுத்தது. இப்போது மூன்றுக்குள் வருகிறேன். கப்பலை நான் எப்போதும் நான் எதிர்பார்த்த இடத்திலேயே அடித்துப் பார்த்திருக்கிறேன் என்பது அந்த விரல் நகர்வதைப் பார்த்தபோதுதான் விளங்கியது.

மச்சான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு அவனிடம் நல்ல நியாயம் இருக்கிறது, அதையும் எழுத வேண்டும். அவனுடைய கோழிக்கூடு திருத்துவதற்காகத் திறந்து வைக்கப்பட்டதல்ல, கவசத்துக்குச் சாமான் இல்லாததால் திறந்து கிடந்தது, அவ்வளவுதான் என்கிறான். நீ நடைபாதைக்கு விட்ட இடத்தையும் நேரத்தையும் கொண்டு நான் இன்னொரு சின்னக் கப்பல் கட்டுவேன், ஒன்று போனால் மற்றதில் ஏறுவேன் என்கிறான். அமெரிக்கர்கள் நெவாடா என்ற போர்க்கப்பலில் 1910களில் செய்ததையும் எடுத்துச் சொன்னான். உயிர்நிலைகளுக்கு மட்டும் மிகத் தடித்த கவசம், மற்ற இடங்களுக்கு ஒன்றும் இல்லை. பாதிக் கவசம் எங்கேயும் வேண்டாம் என்ற கணக்கு. அப்படிப் பார்த்தால் என் 380 பிளொக்கையும் குழாய்ச் சந்திகளைச் சுற்றி மட்டும் வைக்க வேண்டும். அதைக் கேட்ட அன்று இரவு முழுவதும் கீறிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. ஆனால் சந்தியைச் சுற்றித் தடித்த கவசம் வைத்தால் சந்திக்குள் நான் எதால் போவேன்? இந்த இடத்தில்தான் நான் இன்னும் நிற்கிறேன். கவசத்தில் ஒரு கதவு வைத்தால் கதவுதான் பலவீனம். வைக்காவிட்டால் மறுபடியும் பழைய எம்டன். இரண்டு கப்பல் என்ற அவனுடைய யோசனை மட்டும் எனக்கு ஒட்டவில்லை. காரணம் கணக்கு இல்லை. உடைந்ததை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுகிறவன் முதலாவதை ஒருபோதும் அறியமாட்டான் என்று எனக்குப் படுகிறது. எம்டனின் வாலை நான் அறிந்தது அதை நாலு இடத்தில் அறுத்த பிறகுதான்.

புதுக் கப்பலுக்கு எம்டன் என்ற பெயரை வைக்க மனம் வரவில்லை. அப்பா வல்வெட்டித்துறைக்காரர். அவருடைய ஊரில் கட்டிய பாய்க்கப்பல் ஒன்றை ஓர் அமெரிக்கர் வாங்கி, அந்த ஊர் மாலுமிகளே ஓட்டிக்கொண்டு 1938இல் மசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகம் வரை போயிருக்கிறார்கள். அன்னபூரணி அம்மாள் என்று பெயர். அந்தக் கப்பல் ஒரு சண்டைக்கும் போகவில்லை. இத்தனை மாதக் கடலில் எத்தனை தடவை பாய் கிழிந்திருக்கும், எத்தனை தடவை கயிறு அறுந்திருக்கும், யார் மேலே ஏறித் தைத்திருப்பார்கள் என்றுதான் இப்போது யோசிக்கிறேன். பெயரைச் சொன்னபோது அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தநாள் கொப்பியின் அட்டையில் அவருடைய கையெழுத்தில் அன்னபூரணி என்று இருந்தது.

போன ஞாயிறு மச்சான் மறுபடி வந்தான். இந்த முறை அவனிடம் ஆர்ட்டிலரி டரட், இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் இருந்து அடிக்கலாம். நான் கிட்ட வருவதற்குள் இடப்பக்கக் குழாய் போனது. வலப்பக்கக் குழாயால் த்ரஸ்டர் ஓடியது. பிறகு அதிலும் ஒரு சந்தி போனது. நான் இருக்கையை விட்டு எழுந்து வெல்டரோடு நடைபாதைக்குள் இறங்கினேன். உள்ளே இருந்தால் வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாது. சுவரில் ஒரு கமராத் திரை பூட்டியிருந்தேன், ஆனால் வெல்டிங் செய்கிறவன் அதைப் பார்க்க முடியாது. அப்பா கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்தார். என் தோளுக்கு மேலால் அந்தச் சின்னத் திரையையே பார்த்தார். “வாறான்… இன்னும் தூரம்… நீ செய்” என்றார். நான் ஒட்டினேன். “இடப்பக்கமாத் திரும்புறான். செய், செய்.” அம்மா கோயிலால் வந்து விபூதியை நீட்டிவிட்டு ரீ வைத்துவிட்டுப் போனா. சந்தி பற்றியது, அடுத்ததற்குப் போனேன். மற்ற வாயால்தான் போக வேண்டியிருந்தது, முதல் கதவின் பக்கம் எல்லாம் பெயர்ந்து கிடந்தது. நான் உள்ளே இருந்த ஏழு நிமிடமும் அப்பா கதிரையை விட்டு அசையவில்லை. ரீ அப்படியே ஆறிப்போயிருந்தது.